ஊர் மொத்தமும் என் பேரில்

வடவாய்க்குடி
3-9-2000

தம்பி பிரபுவுக்கு, பெரியப்பா துரைராசு சொல்லச் சொல்ல சொசைட்டி ரெத்தினம் எழுதுவது.

நீ சிங்கப்பூர் போய்ச் சேந்த சேதி உங்கம்மா சொன்னா. அங்கயும் நம்ம சோறு கெடைக்கிதுன்னு கேட்டதுல திருப்தி. எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் நெலையா நிக்கல. நடந்ததைச் சொல்றேன், நீதான் அர்த்தம் சொல்லணும்.

உங்க பெரியம்மா நீலாம்பாளுக்கு அவ அப்பா வீட்டுச் சீரா வந்த மேட்டு வயல் ஒனக்குத் தெரியும். அவ தையில போனா. அந்த வயலை என் பேருக்கு மாத்தணும்னு ஆடியில தாலுக்கா ஆபீசுல மனுக் குடுத்து, பெருவிரல் வச்சுட்டு வந்தேன். போன வியாழக்கிழமை சிட்டா வாங்கப் போனேன். இப்பத்தான் எல்லாம் கம்ப்யூட்டர் ஆச்சே. அந்தப் பொண்ணு என் பேரைச் சொல்லித் தட்டுச்சு. ஒரு தாள் வரும்னு கையை நீட்டிக்கிட்டு நின்னேன். மிசின் நிக்கவே இல்ல. தாள் மேல தாளா கக்கிக்கிட்டே இருக்கு.

"என்னா பெரியவரே, ஊரையே வளைச்சிட்டீங்களா?"ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சுது. அங்க நின்னவன்லாம் சிரிச்சான். வெக்கமில்லாம நானும் சிரிச்சேன். அப்புறம் ஒவ்வொரு தாளாப் படிச்சாங்க. ஹபீப் முகம்மது தென்னந்தோப்பு, உரிமையாளர் துரைராசு. பெருமாள் கோயில் நெலம், துரைராசு. வாய்க்கால் பொறம்போக்கு, துரைராசு. சுடுகாடு, துரைராசு. தம்பி, அவளை எரிச்ச எடமும் என் பேர்ல இருக்கு. அங்கயே உக்காந்துட்டேன்.

இதை எழுதுற ரெத்தினத்தோட ரெண்டு துண்டு நெலமும் அதுல இருக்கு. இப்ப அதைச் சொன்னதும் பேனா நின்னுச்சு. நான் பாத்தேன்.

நம்ம தாலுக்காவுக்குக் கம்ப்யூட்டர்ல எல்லாம் செஞ்சு குடுத்த கம்பெனியிலதானே நீ இருந்தே. அது ஊருக்கே தெரியும். நான்தான் டீக்கடையில பீத்திக்கிட்டேன். இது எப்படி ஆச்சுன்னு உடனே எழுது.

ஆசீர்வாதம்.
துரைராசு (கைநாட்டு)


சிங்கப்பூர்
13-9-2000

அன்புள்ள பெரியப்பா,

கடிதம் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீங்க. நீங்கள் ஜமீன்தார் ஆன கதையை இங்கே அறையில் எல்லாரிடமும் சொன்னேன்.

பயப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் தானாக யார் பேரையும் மாற்றாது. ஆபீஸில் தினக்கூலிக்குத் தட்டச்சு செய்ய எடுத்த பையன்கள் யாராவது எங்கேயாவது தட்டியிருப்பார்கள். நாங்கள் செய்த ப்ரோகிராமில் தப்பு வர வாய்ப்பே இல்லை. ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் மனிதர் கையால் எழுதினதே இல்லை. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது, அதுவே எழுதிக்கொள்ளும். அது கேட்கிற கேள்விக்கு நாங்கள் பதில் சொல்வதோடு சரி. கையால் எழுதினால்தான் தப்பு வரும்.

தாசில்தாரைப் பார்த்து ஒரு மனுக் கொடுங்கள், திருத்திவிடுவார்கள். 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஜெக்கரியா மாமா கடை நம்பருக்குப் போன் செய்கிறேன். அங்கே வந்து நில்லுங்கள். மாமாவிடம் என் சலாம் சொல்லுங்கள். அவர் மகள் இர்ஃபானாவுக்கு மாப்பிள்ளை அமைந்ததாக அம்மா சொன்னாள், சந்தோஷம்.

அன்புடன்
பிரபு


வடவாய்க்குடி
25-9-2000

பிரபுவுக்கு.

இதை எழுதுறது ரெத்தினம் இல்ல. அவர் இனிமே எழுத மாட்டாராம். நான் சைக்கிள்காரன் பின்னாடி உக்காந்து பக்கத்து ஊர் தபாலாபீசுக்கு வந்து, அங்க இருக்கற வள்ளியம்மை புண்ணியத்துல எழுதுறேன். அந்தம்மாவுக்கு நம்ம ஊர்ல நெலமில்ல. அதனால எழுதுது.

நீ ஞாயித்துக்கிழமை போன் பண்ணுனியாம். "அந்த ஆளு இங்க வர்றதில்ல"ன்னு ஜெக்கரியா பாய் வச்சுட்டாராம். அந்தக் கடை வாசல்லதான் நான் தெனம் பொழுதைப் போக்குனேன். இப்ப அந்தத் தெருவுலயே நடக்குறதில்ல.

நீ சிரிச்சேன்னு எழுதுனதை வள்ளியம்மை படிச்சப்ப, அந்தம்மாவே என்னை நிமிந்து பாத்துச்சு.

ஜெக்கரியா என் வீட்டுக்கு வந்தாரு. செருப்பைக் கழட்டல, உள்ள வரல. அவர் கைல சிட்டா. சவுதியில வெயில்ல வெந்து வாங்குன வாழைக்கொல்லை அது, ஒனக்குத் தெரியும்.

"துரைராசு, நோன்புக்கு முந்தி எம் பொண்ணுக்கு நிக்காஹ். கொல்லையை அவ பேருக்கு எழுதி வைக்கலாம்னு பத்திர ஆபீசுக்குப் போனேன். அங்க கேக்கறான், துரைராசு யாரு பாய், ஒங்க அத்தாவான்னு."

நான் என்ன சொல்றது? "பாய், சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னேன்.

"ஒனக்குத் தெரியாது, சரி. சிங்கப்பூர்ல இருக்கறவனுக்குத் தெரியும்ல? எழுதத் தெரியாத ஆளுன்னுதான்யா ஒன்னை நம்புனோம். எழுதுறவனை நீ பக்கத்துலயே வச்சிருந்தேன்னு இப்பல்ல தெரியுது."

போயிட்டாரு. யார் எதைச் சொன்னாலும் எனக்கு மறக்காது. சின்ன வயசுல வாய்க்காத் தகராறுல எங்கப்பனை ஒருத்தர் திட்டுன திட்டு இன்னிக்கும் அட்சரம் பெசகாம காதுல இருக்கு. இதுவும் சாவுற வரைக்கும் இருக்கும். வாங்கி வந்த வரம்.

நடவுக்காரங்க வரல. நாத்தங்கால்ல நாத்து முத்திக்கிட்டு நிக்கிது. கூப்புடப் போனா, "ஊர் நெலமெல்லாம் உங்க நெலம், நீங்களே எறங்கி நடுங்க ஜமீன்"ங்கறா ஒருத்தி. மதகுகிட்ட ஒரு பய, "தொரை, ஒண்ணுக்குப் போலாமா? ஒங்க எடமாச்சே"ங்கறான். சுத்தி நின்னவன்லாம் கொல்லுன்னு சிரிக்கறான். தாசில்தார் ஆபீசுல போய்க் கேட்டா, "நீங்கதானே பெருவிரல் வச்சீங்க, கம்ப்யூட்டர் அதுபடிதான் செய்யும்"ங்கறாங்க.

தம்பி, ராத்திரி படுத்தா இது ஒண்ணுதான். அன்னிக்கு அவங்க நீட்டுன தாள்லல்லாம் விரல் வச்சேன். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நெசமாவே நான்தான் கேட்டேனா? ஊர் பூராவையும் எனக்குக் குடுன்னு எழுதுன தாள்ல நான் விரல் வச்சிருந்தா? என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. நீலாம்பா மேல ஆணை, நீ ஏதாவது செஞ்சியா? செஞ்சிருந்தா செஞ்சேன்னு சொல்லு. தாங்கிக்குவேன். தெரியாம இருக்கறதைத்தான் தாங்க முடியல.

துரைராசு (கைநாட்டு)


சிங்கப்பூர்
8-10-2000

பெரியப்பா,

செய்தேன். நான்தான்.

உங்கள் கடிதம் வந்த அன்று இரவு, இங்கே வரும்போது எடுத்துவந்த சிடியைப் போட்டுப் பார்த்தேன். பழைய ப்ரோகிராமின் நகல் அதில் இருக்கிறது. வேறு யாரோ செய்த தப்பைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்றுதான் உட்கார்ந்தேன். கிடைத்தது என்னுடையது.

உங்களுக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். தாலுக்காவில் உள்ள நிலமெல்லாம் ஒரே பெரிய அட்டவணையில் வரி வரியாக இருக்கிறது. ஒரு நிலம், ஒரு வரி. பெயர் மாற்றும் கட்டளையை ஒவ்வொரு தடவையும் யாரும் எழுத வேண்டாம் என்று, நான் சொன்னேனே அந்தக் கருவி, அதுவே ஒரு தடவை எழுதி உள்ளே வைத்துவிடும். அதற்கு ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்று பேர். எழுதுவதற்கு முன்னால் அது நம்மிடம் கேட்கும்: எந்தெந்த விவரத்தை வைத்து நிலத்தைத் தேடட்டும்? மாவட்டமா, வட்டமா, கிராமமா, புல எண்ணா, உட்பிரிவு எண்ணா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். வேண்டியதில் டிக் போட வேண்டும். நம் வேலை அவ்வளவுதான்.

அதிகாரிகளுக்குச் செய்து காட்ட வேண்டிய நாள் அது. சோதனைக்காக ஒரு கிராமத்தின் பெயரில் ஒரே ஒரு நிலத்தை மட்டும் ஏற்றி வைத்திருந்தோம். அதற்கு உட்பிரிவு எண் இல்லை, காலியாக இருந்தது. அதனால் நிலத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் ப்ரோகிராம் நின்று நின்று போனது. எல்லாரும் காத்திருந்தார்கள். எது தடுக்கிறது என்று பார்க்க நேரமில்லாமல், புல எண், உட்பிரிவு எண் இரண்டிலும் டிக்கை எடுத்துவிட்டேன். ஓடியது. அந்த ஒரு நிலத்துக்குப் பெயர் சரியாக மாறியது. கை தட்டினார்கள். பிறகு திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் எனக்கு விசா வந்துவிட்டது.

அதாவது, வடவாய்க்குடியில் உள்ள நிலத்தைத் துரைராசு பேருக்கு மாற்று என்பதோடு கட்டளை முடிந்துவிட்டது. எந்த நிலம் என்று அது கேட்கவே இல்லை. கேட்க வேண்டாம் என்று சொன்னது நான்.

நீங்கள் விரல் வைத்த தாளில் ஒரு தப்பும் இருந்திருக்காது. அது பெரியம்மாவின் வயலுக்கான மனு மட்டும்தான். இதை நூறு தடவை சொல்கிறேன். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் மனு உங்களுடையதாக இருந்திருக்கிறது. அடுத்த மனு எந்த ஊரில் இருந்து வருகிறதோ, அந்த ஊரும் இப்படி ஒருவர் பேருக்குப் போய்விடும்.

பெரியப்பா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீங்க. அந்தக் கம்பெனியின் சிபாரிசில்தான் இங்கே வேலை கிடைத்தது. நான் எழுதிக் கொடுத்ததாக வெளியே போனால் அனுப்பிவிடுவார்கள். சிடி எடுத்து வந்ததற்குக் கேஸ்கூடப் போடலாம். பழைய நண்பன் ஒருவன் மூலம் சத்தமில்லாமல் சரி செய்யப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

பிரபு


786
வடவாய்க்குடி
21-10-2000

பிரபுவுக்குத் துரைராசு சொல்லி எழுதுவது. தலைப்பைப் பாத்ததும் யார் கையெழுத்துன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆமா, ஜெக்கரியா பாய்தான் எழுதுறாரு. எப்படின்னு சொல்றேன்.

ஒன் கடுதாசி வந்துச்சு. தபால்காரன் குடுத்துட்டுப் போயிட்டான். ஒடைச்சுப் பாத்தேன். எப்பவும் ஒரு தாள் எழுதுறவன் நாலு தாள் எழுதியிருக்கே. நல்ல சேதிக்கு எவனும் நாலு தாள் எழுத மாட்டான். வள்ளியம்மைகிட்ட எடுத்துட்டுப் போவலாம்னு கெளம்புனேன். பாதி வழியில நின்னுட்டேன். அந்தம்மா படிச்சு நான் குத்தமில்லாதவன்னு வந்தா, எனக்கு வேண்டி மாத்திப் படிச்சுதும்பான் ஊர்ல. என் மேல கோவமா இருக்கறவன் படிக்கணும். அவன்தான் ஒரு எழுத்தும் எனக்காகக் கூட்டிப் படிக்க மாட்டான்.

நேரா பாய் கடைக்குப் போனேன். கடையில ஹபீப் முகம்மதும் இன்னும் நாலஞ்சு பேரும் இருந்தாங்க.

"என்னா?"ன்னாரு.

"கடுதாசி வந்துருக்கு. படிக்கணும்."

"நானா?"

"நீங்கதான் படிக்கணும் பாய். சத்தமாப் படிங்க. அதுல நான் திருடன்னு இருந்தா, அதையும் சத்தமாப் படிங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டாரு. 'செய்தேன், நான்தான்'னு மொத வரியைப் படிச்சதும் ஹபீப் முகம்மது, "கேட்டீங்களா, கேட்டீங்களா!"ன்னு எந்திரிச்சுட்டாரு. பாய் கையைக் காட்டி, "உக்காருங்க, முழுசாப் படிக்கறேன்"னாரு. கட்டம், டிக்கு, எல்லாம் படிச்சாரு. 'உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை'ங்கற எடத்துல கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. தண்ணி குடிச்சுட்டு மேல படிச்சாரு. அடுத்தாப்ல 'இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீங்க'ன்னு வந்துச்சு. படிச்சுட்டு அப்படியே நிறுத்திட்டாரு.

தம்பி, நீ பெரிய படிப்புப் படிச்சவன். என்கிட்ட யாருக்கும் காட்டாதேன்னு எழுதறியே. எனக்கு ஒரு கடுதாசி வருதுன்னா, அதை இன்னொரு வாய்தான் எனக்குச் சொல்லணும். அதை எப்படிய்யா மறந்தே? நீ நடக்கப் பழகுன நாள்லேருந்து என்னைப் பாக்குறவன்.

இப்ப ஊர்ல ஒரே பேச்சு. இந்தக் கடுதாசியை மனுவோட சேத்துக் கலெக்டர்கிட்ட குடுங்கறாங்க. குடுத்தா ஒரே நாள்ல என் பேரு சுத்தமாயிரும், பாய் பொண்ணுக்குக் கொல்லையும் எழுதலாம். கடுதாசி என் மடியிலதான் இருக்கு. குளிக்கறப்பகூட எடுத்து மதகு மேல வச்சு, அதைப் பாத்துக்கிட்டே குளிக்கறேன். நான் குடுக்கல. குடுத்தா ஒன் தலை உருளும். குடுக்கலேன்னா நாளைக்கு வேற எந்த ஊர்லயோ என்னை மாதிரி ஒரு கெழவன் தாளைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். அவனையும் பாத்துச் சிரிப்பாங்க. அவனுக்கும் நடவுக்கு ஆள் வராது. அவன் எங்க போய் யாரைப் படிக்கச் சொல்லுவான்?

நீ சொல்லு. நீ குடுங்கன்னா குடுக்கறேன். இல்லேன்னா கிழிச்சு வாய்க்கால்ல விட்டுடறேன். என்னால முடிவு பண்ண முடியல. நிக்காஹ் அடுத்த மாசம் பன்னெண்டாந் தேதி.

துரைராசு (கைநாட்டு)

தம்பி பிரபு, இதற்கு மேலே உள்ளது அவர் சொல்லி எழுதியது. இது நானாக எழுதுவது, அவருக்குத் தெரியாது. ஒட்டுமுன் இரண்டு வரி சேர்க்கிறேன். கொல்லை இல்லாமலும் என் மகள் நிக்காஹ் நடக்கும், இன்ஷா அல்லாஹ். என்னைப் பற்றி யோசிக்காதே. நான் அவர் வாசலில் செருப்போடு நின்று பேசினதற்கு நேற்று அவரிடமே மன்னிப்புக் கேட்டேன். "நீங்க பேசுனது எனக்கு மறக்காது பாய், ஆனா கோவம் போயிருச்சு"ன்னார். அந்த மனுசர் சாப்பிட்டுப் பல நாளாகிறது. ஒன் கடுதாசியைக் கிழிக்க மாட்டார், குடுக்கவும் மாட்டார். அதை மடியில வச்சுக்கிட்டே செத்துப்போவார். நீயே ஏதாவது செய்.
ஜெக்கரியா


சிங்கப்பூர்
1-11-2000

பெரியப்பா,

அந்தக் கடிதத்தைக் கொடுக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். கலெக்டர் அலுவலகத்துக்கும் கம்பெனிக்கும் நானே என் பெயர் போட்டு எழுதிவிட்டேன். எந்தக் கட்டத்தில் டிக் இல்லை என்று படம் போட்டே அனுப்பினேன். ஃபேக்ஸ் போன மறுநாளே தாலுக்காவில் பெயர் மாற்றத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதற்குள் இன்னொரு ஊர் போயிருந்தது. அங்கே ஒரு விதவைப் பெண்மணி பேரில். அவர் என்ன பாடுபட்டாரோ, எனக்குத் தெரியாது.

கம்பெனியில் இருந்து ஒரே வரிதான் வந்தது. இந்த மாதக் கடைசியோடு எனக்கு இங்கே வேலை இல்லை. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் மனுவுக்கு முந்தின நாள் எடுத்து வைத்த நகலை அப்படியே திரும்ப ஏற்றுவார்கள். எல்லார் நிலமும் அவரவர் பேருக்குப் போய்விடும். பெரியம்மாவின் வயல் மட்டும் மறுபடி பெரியம்மா பேரிலேயே இருக்கும். நீங்கள் புதிதாக ஒரு தடவை மனுக் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது. பயப்படாமல் விரல் வைக்கலாம்.

ஜெக்கரியா மாமாவுக்கு: உங்கள் இரண்டு வரியும் பார்த்தேன்.

பிரபு


786
வடவாய்க்குடி
26-11-2000

பிரபுவுக்குப் பெரியப்பா சொல்லி, ஜெக்கரியா பாய் எழுதுவது.

நிக்காஹ் நடந்துருச்சு. சிட்டா அதுக்குள்ள வரல. பந்தல்ல மாப்பிள்ளை ஜாஹித்தோட அத்தா என்னைப் பாத்து, "எங்க மருமக கொல்லைக்கு ஓனர் இவருதானா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. "இன்னிக்கு வரைக்கும் நான்தான்"னேன். "அப்பக் குடுத்துருங்க." "குடுத்துட்டேன்." பந்தலே சிரிச்சுது. இந்தச் சிரிப்பு வேற. பாய் எனக்குப் பக்கத்துல உக்காந்து பிரியாணியை அள்ளி அள்ளி வச்சாரு. இப்ப இதை எழுதுறப்பவும் சிரிக்கறாரு.

நடவும் ஆச்சு. நாத்து முத்துனதுதான், குத்து குத்தாச் சேத்து நட்டுருக்காங்க. என்னை ஜமீன்னு சொன்னவளே முன்னால எறங்குனா. ரெத்தினம் வரப்புல என்னைக் கண்டு தலையைக் குனிஞ்சாரு. நான்தான் கூப்புட்டுப் பேசுனேன்.

போன திங்கக்கிழமை தாலுக்கா ஆபீசுக்குப் போனோம், பாயும் நானும். இந்தத் தடவை மிசின்லேருந்து என் பங்குக்கு என் சொந்த வயலுக்கு ஒரு தாள்தான் வந்துச்சு. நீலாம்பா பேரைச் சொல்லித் தட்டச் சொன்னேன். அதுக்கும் ஒரு தாள் வந்துச்சு. பாய் படிச்சாரு: மேட்டு வயல், உரிமையாளர் நீலாம்பாள்.

"இன்னொரு தடவை படிங்க"ன்னேன். படிச்சாரு.

அவ போனதுலேருந்து அவ பேரை ஒருத்தரும் இப்படிச் சொல்லல தம்பி. செத்துப்போன நீலாம்பா, காலஞ்சென்ற நீலாம்பான்னுதான் எல்லாத்துலயும். இதுல அப்படி இல்ல. சும்மா நீலாம்பாள். வயலுக்குச் சொந்தக்காரி.

அந்தப் பொண்ணு புது மனுவை எழுதி முடிச்சு, மைப்பொட்டியைத் தொறந்து என் பக்கம் நகத்துச்சு. "வைங்க பெரியவரே, இப்பல்லாம் சரி பண்ணியாச்சு"ன்னுச்சு. சரி பண்ணியிருப்பாங்க. நீ சொன்னா நம்புறேன். ஆனா நான் மொதத் தடவை விரல் வச்சப்ப, அவ போயிட்டான்னுதான் வச்சேன். அதுக்கு ஊரே என் தலையில வந்து விழுந்துச்சு. திரும்பவும் நானே போய், இவ இல்ல, பேரை எடுத்துருன்னு சொல்லணுமா?

வேலை போனதுக்குக் கவலைப்படாதே. வர்றப்ப இங்க வா. நெல்லு கதிர் வாங்குற நேரம் இருப்பே. மேட்டு வயல் யாரோடதுன்னு யாராவது கேட்டா, பெரியம்மாவோடதுன்னு சொல்லு.

மைப்பொட்டியை மூடச் சொல்லிட்டு, கையை மடியில வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

துரைராசு

(பெருவிரல் வைக்க மாட்டேன் என்கிறார். இந்தக் கடுதாசிக்கும் வைக்கவில்லை. பேரை நான் எழுதியிருக்கிறேன். ஜெக்கரியா.)